தங்கமீன் தொட்டிக்குக் ‘கிளீனர் நத்தை’ வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படியுங்கள்

என்னிடம் 120 லிட்டர் தொட்டி ஒன்றும் அதில் ஒரண்டா என்ற வகைத் தங்கமீன்கள் இரண்டும் இருக்கின்றன. தங்கமீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இவை தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றி, அடியில் கிடப்பதைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தாக வேண்டும். வேலை நெருக்கிய ஒரு மாதம் இதைச் செய்ய முடியாமல் திணறினேன். வழக்கமாக மீன் தீனி வாங்கும் கடையில் இதற்கு வழி கேட்டேன்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “ஆறு நத்தை போடுங்க. மீன் கழிவை எல்லாம் அதுவே தின்னுடும், தண்ணி மாத்துற வேலை மிச்சம். நெரைட் வகை, பெருகாது. தனியா தீனியும் வேண்டாம்” என்றார். இதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஐந்து நத்தைகள் போய்விட்டன. மீன்களும் சாகப் பார்த்தன.

கவரில் வரும்போது ஆறும் ஓட்டுக்குள் ஒடுங்கித்தான் இருந்தன. தொட்டியில் விட்டதும் நான்கு மெல்ல வெளியே வந்து கண்ணாடியில் ஊர ஆரம்பித்தன. இரண்டு மட்டும் அடியிலேயே கிடந்தன. மறுநாளும் அசையவில்லை. கடைக்குப் போன் செய்தேன். “தூங்குது சார், ரெண்டு மூணு நாள் ஆகும், தொந்தரவு பண்ணாதீங்க” என்றார். நம்பினேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கழிவும் அழுகலும் தண்ணீரில் விடும் நஞ்சான அம்மோனியா எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் செய்தேன். மஞ்சளாகவே இருக்க வேண்டிய சோதனைக் குழாய்த் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது, அம்மோனியா எகிறியிருந்தது. அடியில் கிடந்த நத்தை ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் வாயை அடைக்கும் மூடி, நகம் போல இருக்குமே, அது கழன்று என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. உள்ளே சதை கூழாகியிருந்தது. அந்த அழுகல் நாற்றம் சோப்புப் போட்டுக் கழுவியும் மாலை வரை கையை விட்டுப் போகவில்லை.

உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன், மறுநாளும் மாற்றினேன். மீன்கள் பிழைத்தது என் அதிர்ஷ்டம். ஒரு சின்ன நத்தை அழுகினாலே மீன் தொட்டிக்கு ஆபத்து. நத்தை மிதப்பதாலோ ஒருநாள் அசையாமல் இருப்பதாலோ செத்துவிட்டது என்று சொல்ல முடியாது, அது உண்மைதான். ஆனால் வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். உயிருள்ள நத்தை மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நாறாது. இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. “எடுத்து முகர்ந்து பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மீதி நான்கில் இரண்டு மிகச் சிறியவை, பட்டாணி அளவுதான். “தங்கமீன் சாது, ஒண்ணும் செய்யாது” என்று சொல்லித்தான் கொடுத்தார். தங்கமீன் சாதுதான், ஆனால் வாயில் அடங்குவது எதையும் விடாது. அதன் தொண்டைக்குள் பல் இருக்கிறது, சின்ன நத்தையின் ஓட்டை நொறுக்கிவிடும். ஒரு வாரத்தில் இரண்டையும் காணவில்லை. மணலில் ஓட்டுத் துண்டுகள்தான் கிடைத்தன. வாயில் சிக்கிக்கொண்டால் மீனுக்கே ஆபத்து. பெரியவை இரண்டும் தப்பின, ஆனால் நிம்மதியாக இல்லை. கொம்பை நீட்டும்போதெல்லாம் புழு என்று நினைத்து மீன் கொத்தியது. கொத்தினால் நத்தை உள்ளே போய்விடும், வெளியே வராவிட்டால் தின்னாது. அப்படியே பட்டினியில் சாகும் நத்தைகள் நிறைய.

கழிவு விஷயம் இன்னும் மோசம். நத்தை பாசியைத் தின்னும், மீந்த தீனியைத் தின்னும், அழுகிய இலையைத் தின்னும். மீன் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்காது. அதோடு தானும் கழிக்கும். நத்தை விட்ட பிறகு என் தொட்டியில் அழுக்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்புறம் ஒருநாள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கண்ணாடியில், இளஞ்சிவப்பாக ஒரு முட்டைக் கொத்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் இது நெரைட்டே இல்லை, மிஸ்டரி நத்தை என்று தெரிந்தது. நெரைட் வெள்ளைப் புள்ளி போலத் தண்ணீருக்குள் முட்டையிடும், நன்னீரில் அந்த முட்டை குஞ்சாகாது. மிஸ்டரி நத்தை தண்ணீருக்கு மேலே கொத்தாக இடும், அதில் நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வரலாம். பெண் நத்தை ஒன்றே ஒன்று இருந்தாலும், முன்பே இணைந்திருந்தால் மாதக்கணக்கில் முட்டையிடும். நான் கொத்தைச் சுரண்டியெடுத்து, உறைய வைத்த பிறகு குப்பையில் போட்டேன். குளத்திலோ சாக்கடையிலோ வீசிவிடாதீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிள் நத்தை வகை ஒன்று அப்படிப் பரவி, பல நாடுகளில் நெல் வயல்களை நாசம் செய்கிறது.

கடைசி அடி மருந்து ரூபத்தில் வந்தது. ஒரு மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. அதே கடையில் கேட்டேன், அதுவும் என் தவறுதான். “நத்தை இருக்கே, பரவாயில்லையா?” என்று இரண்டு முறை கேட்டேன். “எல்லாத்துக்கும் சேஃப்” என்றார். மாலையில் ஊற்றினேன். காலையில் ஒரு நத்தை மூடி திறந்து, உடம்பு வெளியே தொங்கியபடி கிடந்தது. அதற்குப் பிறகுதான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் காப்பர் சல்பேட் என்று இருந்தது. தாமிரம் மீனுக்கு மருந்து, நத்தைக்கு விஷம். மிச்சமிருந்த ஒன்றை உடனே எடுத்து வாளியில் விட்டேன். கடையில் போய்க் கேட்டபோது, “உயிருள்ள ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது” என்றதோடு சரி.

நத்தை வளர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நெரைட்டோ, முழுதாக வளர்ந்த பெரிய மிஸ்டரி நத்தையோ தங்கமீனோடு இருக்க முடியும், மீனின் குணத்தைப் பார்த்துத்தான் விட வேண்டும். ஆனால் கடையில் வகையின் பெயரைக் கேளுங்கள். ‘கிளீனர் நத்தை’ என்பது பெயரே இல்லை. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருப்பதைக் காட்டி, அதைத்தான் எடுத்துத் தரச் சொல்லுங்கள், அடியில் கிடப்பதை வாங்காதீர்கள். மீன் வாயை விடப் பெரியதாக இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூன்று நான்கு வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள், ஓட்டில் ஒட்டிக்கொண்டு நோய்க்கிருமி வரும். தண்ணீர் பிஹெச் 7க்குக் கீழே போனால், அதாவது அமிலத்தன்மை ஏறினால், ஓடு கரைந்து வெள்ளை வெள்ளையாகத் தேயும். கணவாய் ஓடு ஒரு துண்டு போட்டு வைத்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். மிஸ்டரி நத்தை மேலே ஏறிக் கீழே விழுந்து ஓடு உடைத்துக்கொள்ளும், அதனால் தொட்டிக்கு மூடி அவசியம்.

பிழைத்த அந்த ஒன்று இப்போது தனித் தொட்டியில் இருக்கிறது. வேகவைத்த வெள்ளரித் துண்டைப் போட்டால் அரை மணி நேரத்தில் தேடி வந்துவிடும். மீன் கடித்துப் பாதியான இடது கொம்பு மறுபடி வளர்ந்துவிட்டது. போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். அதே தொட்டி, அதே ‘கிளீனர் நத்தை’ அட்டை, அடியில் அசையாமல் ஏழெட்டு.