பைத்தான் வீட்டில் ஆர் குடித்தனம்: ஆர்பை2 அனுபவம்

தரவைத் திரட்டுவது, சுத்தம் செய்வது, அறிக்கை போடுவது எல்லாம் எங்கள் குழுவில் பைத்தான் நிரல்மொழியில்தான். அது என் வேலை. புள்ளியியல் பார்க்கும் தோழிக்கோ ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி தவிர வேறெதுவும் ஆகாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப எடுத்த அளவீடுகளுக்கு அவர் போடும் கலப்பு மாதிரி (mixed model), ஆரின் எல்எம்இ4 தொகுப்பில் ஒரே வரி. அதையே பைத்தானில் செய்து பார்த்தேன். அளவு கொடுத்தவர், அளவெடுத்தவர் என்று இரண்டு குழுக்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்ததும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் தரவை ஒரு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) எழுதி, ஆர் நிரலைத் தனியாக ஓட்டும் ஆர்ஸ்கிரிப்டை ஓடவிட்டு, அது துப்பும் இன்னொரு சிஎஸ்வியைப் படிப்பேன். வேலை நடந்தது. ஆனால் மாதிரி சரியாகப் பொருந்தவில்லை என்று ஆர் எச்சரித்தால், அந்த எச்சரிக்கை ஏதோ ஒரு லாக் கோப்பில் கிடந்து தூங்கும். நாலு மாதிரிகளை ஒப்பிட ஆர் நாலு முறை எழுந்து உட்கார வேண்டும். இது சரிப்படாது என்றுதான், பைத்தானுக்குள்ளிருந்தே ஆரைக் கூப்பிட உதவும் ஆர்பை2 (rpy2) என்ற தொகுப்புக்கு மாறினேன்.

இது ஆரைத் தனியாக ஓட்டுவதில்லை. பைத்தான் ஓடும் அதே செயல்முறைக்குள் ஆரையும் குடிவைக்கிறது. ஆர் கணினியில் ஏற்கெனவே இருக்க வேண்டும், அதை இது கூடவே கொண்டு வராது. பொருத்திய மாதிரி ஆரின் நினைவகத்திலேயே இருக்கும், என் கையில் இருப்பது அதன் பிடி மட்டும். 'எச்சங்களை (உண்மை அளவுக்கும் மாதிரி கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களை) கொடு' என்று கேட்கலாம், பத்து வரி தள்ளி அதையே இன்னொரு மாதிரியோடு ஒப்பிடலாம். இதற்காகவே இதை மன்னிக்கலாம். ஆரில் பெயருக்கு நடுவே புள்ளி வரும், பைத்தானில் புள்ளிக்கு வேறு வேலை. எனவே தொகுப்பை இறக்கும்போதே புள்ளிகளையெல்லாம் அடிக்கோடாக மாற்றித் தருகிறது. இரண்டு நாளில் பழகிவிடும்.

பழகாத விஷயம் ஒன்று உண்டு, விடுபட்ட மதிப்புகள். 212 பேரின் வயதை ஆரிலிருந்து எடுத்து, நேராகப் பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையின் (NumPy) வரிசையாக்கிச் சராசரி பார்த்தேன். மைனஸ் மூன்று கோடி சொச்சம்! மூன்று பேர் வயதைச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆரில் முழு எண்களுக்கு 'விடுபட்டது' என்று தனிக் குறி கிடையாது. 32 பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண்ணான -2147483648-ஐ அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆருக்கு அது தெரியும், நம்பைக்குத் தெரியாது. அது வெறும் எண்ணாக எடுத்துக் கூட்டிவிட்டது. தசம எண்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே விடுபட்ட மதிப்பும் 'எண் அல்லாதது' வகையைச் சேர்ந்தது, உள்ளே 1954 என்ற எண்ணை மட்டும் ரகசிய அடையாளமாகச் சுமந்திருக்கும். பைத்தானும் அதை 'எண் அல்லாதது' என்றே படித்துக்கொள்ளும். அன்றிலிருந்து வயது, எண்ணிக்கை எதுவானாலும் எல்லை தாண்டும் முன்பே ஆரிலேயே தசமமாக்கிவிடுகிறேன். மைனஸ் மூன்று கோடி வந்ததால் பிழைத்தேன். அந்த மூன்று பேரும் சராசரியில் சேராமல் வேறெங்காவது நுழைந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அப்புறம், இதை ஒரு வலைச் சேவைக்குள் வைக்கப் போய்ப் பட்ட பாடு. ஒருவராக நான் சோதித்தபோது அருமை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கியதும், சி ஸ்டாக் (உள்ளே பயன்படுத்தும் நினைவக அடுக்கு) எல்லையைத் தொடுகிறது என்று ஆர் அலறிவிட்டு விழுந்தது, கூடவே சேவையும். ஆர் ஒரு நேரத்தில் ஒரு இழையில்தான் (thread) ஓடும், பல இழைகளிலிருந்து கூப்பிட்டால் தாங்காது. ஆவணத்தில் எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஒரே வீட்டில் குடித்தனம் என்றால் ஒருவர் விழும்போது மற்றவரும் விழத்தான் வேண்டும்.

அதற்காக ஆர்சர்வ் (Rserve) என்ற இன்னொரு தொகுப்பைப் பார்த்தேன். ஆர் ஒரு சேவையகமாக 6311 என்ற துறையில் (port) காத்திருக்கும், ஜாவாவிலிருந்தும் பேசலாம், சி++ இலிருந்தும் பேசலாம். லினக்ஸில் வரும் ஒவ்வோர் இணைப்புக்கும் தன்னையே கிளை பிரித்துத் தனி ஆர் தருகிறது, ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். விண்டோஸில் அப்படிக் கிளை பிரிக்க வழியில்லாததால் எல்லா இணைப்புகளும் ஒரே இடத்தில் மாறிகளை வைத்து ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். விண்டோஸ்காரர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இப்போது எங்களிடம் மூன்றுமே ஓடுகின்றன. நானும் தோழியும் உட்கார்ந்து மாதிரிகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் நோட்டுப்புத்தகங்களில் ஆர்பை2, வலைச் சேவைக்கு ஆர்சர்வ். இரவு தானாக ஓடும் அறிக்கைக்கு மட்டும் அதே பழைய சிஎஸ்வியும் ஆர்ஸ்கிரிப்டும். எச்சரிக்கை வந்தால் லாக்கில் தூங்கவிடாமல் மின்னஞ்சலாக அனுப்ப இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தோழி கேட்டார். சரிதான்.