முயல் சீரமா, மோனோக்ளோனலா?

பாக்டீரியாவின் மேற்பரப்பை ஆராய, குறிப்பிட்ட மூலக்கூறில் போய் ஒட்டும் புரதமான ஆன்டிபாடி வேண்டும். பினாங்கில் எங்கள் ஆய்வகத்தில் சால்மோனெல்லா பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் எல்பிஎஸ் என்ற கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறுக்காக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: பலவகை ஆன்டிபாடிகள் கலந்த முயல் சீரம், அல்லது ஒரே செல்லின் வாரிசுகள் தரும் ஒரே வகை ஆன்டிபாடியான மோனோக்ளோனல். மோனோக்ளோனல் பக்கம்தான் போனோம், அதனால் நான் நடுநிலை இல்லை.

முயல் சீரம் மலிவு, சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஒரே மூலக்கூறில் பல இடங்களில் ஒட்டுவதால் வெஸ்டர்ன் பிளாட்டில் (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) பட்டை பளிச்சென்று தெரியும். சிக்கலும் அங்கேதான். எல்பிஎஸ்ஸில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓ ஆன்டிஜென் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் வகைக்கு வகை மாறும். உள்ளே இருக்கும் கோர் சர்க்கரையும் லிப்பிட் ஏ என்ற கொழுப்புப் பகுதியும் உறவுக்கார பாக்டீரியாக்களில் பெரும்பாலும் ஒரே மாதிரி. அவற்றிலும் ஒட்டும் சீரம் அந்த உறவுக்காரர்களையும் பிடித்துவிடும். வேறு பாக்டீரியாவோடு சீரத்தைக் கலந்து வேண்டாத ஆன்டிபாடிகளை உறிஞ்சி எடுக்கலாம். எடுக்க எடுக்க வேண்டியதும் கொஞ்சம் சேர்ந்தே போகும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது இதுவல்ல. தொடர்ந்து கிடைக்குமா என்ற கேள்வி. முயலின் ஆயுளோடு அந்தச் சீரமும் முடிந்தது. அடுத்த முயல் தருவது வேறு சரக்கு: டைட்டரிலிருந்து (எவ்வளவு நீர்த்தாலும் வேலை செய்யும் என்ற அளவு) குறுக்கு ஒட்டல் வரை எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. 1975இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் காட்டிய ஹைபிரிடோமா முறையில், ஆன்டிபாடி சுரக்கும் எலியின் பி செல் புற்றுநோய்ச் செல்லோடு இணைந்து சாகாமல் பெருகுகிறது. அந்தச் செல்லை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு வைத்தால், பல வருடம் கழித்தும் அதே ஆன்டிபாடி.

பராமரிப்பு சும்மா இல்லை. நைட்ரஜன் டாங்கி வற்றக்கூடாது, செல் வளர்ப்பில் தொற்றும் நுண்ணுயிரான மைகோபிளாஸ்மாவுக்கான சோதனை தவறக்கூடாது. சில குளோன்கள் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்கள்) குரோமோசோமை இழந்து ஆன்டிபாடி சுரப்பதை நிறுத்திவிடும். மறுபடி குளோன் செய்ய வேண்டும். உறைந்த செல்கள் இருக்கும் குப்பிகளை இரண்டு டாங்கிகளில் பிரித்து வையுங்கள். முடிந்தால் ஆன்டிபாடியின் மரபணு வரிசையையும் படித்து வைத்துவிடுங்கள். செல்கள் செத்தாலும் வேறு செல்லில் அதையே தயாரிக்கலாம்.

அப்புறம், சர்க்கரை ஆன்டிஜெனுக்கு எலி பெரும்பாலும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகையைத்தான் தரும். ஆன்டிபாடியைப் பிடித்துப் பிரிக்கும் வழக்கமான புரோட்டீன் ஏ தூணில் அதைச் சுத்திகரிக்க முடியாது. ஓ ஆன்டிஜெனை இழந்த ‘ரஃப்’ திரிபில் ஓ ஆன்டிஜெனுக்கான மோனோக்ளோனல் ஒட்டவே ஒட்டாது; எல்பிஎஸ்ஸே இல்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது. அதற்காகவே கொஞ்சம் முயல் சீரமும் ஃபிரீசரில் வைத்திருக்கிறோம்.

விலங்கே தேவைப்படாத ஃபேஜ் டிஸ்பிளே (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேல் ஆன்டிபாடித் துண்டுகளை ஏற்றித் தேர்ந்தெடுக்கும் முறை) வேலை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மின் இன்ஃபோர்ம் ஆய்வு நிலையத்தில் நடக்கிறது. நான் அதில் கைவைத்ததில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.