கூத்தும் பம்பையும் பதிவு செய்ய சூம் எச்1 எசென்ஷியல் போதுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாரதக் கூத்தைப் பதிவு செய்யக் கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் ஃபோனைத்தான் நீட்டுகிறார்கள். ஃபோன் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும். மத்தளத்தில் ஓங்கி ஒரு அடி விழுந்ததும் மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். அந்த நொடியில் கூத்து வாத்தியார் பாடிய இரண்டு சொல் அதோடு போய்விடும். போன சொல்லை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் தனிப் பதிவுக் கருவி வேண்டும்.

ஒலிக்கருவி நிறுவனமான சூம் 2024-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எச்1 எசென்ஷியல் உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே குறுக்கும் மறுக்குமாக இரண்டு மைக், உள்ளே இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. இதன் பெரிய பலம் 32 பிட் ஃப்ளோட் பதிவு. பதிவின் அளவை முன்கூட்டியே திருகி வைக்கும் வேலையே கிடையாது. பாட்டியின் முணுமுணுப்பும் கூத்துக் கோமாளியான கட்டியங்காரனின் கத்தலும் ஒரே ஃபைலில் வந்து விழும். எது சின்னது, எது பெரியது என்பதை வீட்டுக்கு வந்து கணினியில் சரிசெய்துகொள்ளலாம். ஒலிப்பதிவு படிக்காத ஒரு பிள்ளை தனியாளாகக் கூத்துக்குப் போய்த் திரும்ப இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் "32 பிட், எதையும் தாங்கும்" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தாங்குவது ஃபைல்தான். மைக் தாங்கும் எல்லை 120 டெசிபல். பம்பையையோ பறையையோ ஓர் அடி தூரத்தில் அடித்தால் அந்த எல்லை தாண்டிவிடும். மைக்கிலேயே உடைந்த ஒலி உடைந்தபடிதான் பதிவாகும். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்ற கணக்கை மனதில் வையுங்கள். ஒரு மீட்டரில் இருப்பதை நான்கு மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபல் இறங்கிவிடும். மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர் சுற்றிச் சுற்றி வருவார். ஆகவே ஐந்து மீட்டருக்குக் கிட்டே போகவே வேண்டாம்.

கூத்தில் சிக்கல் வேறு மாதிரி. இப்போது எல்லா ஊரிலும் மைக்செட் உண்டு. கருவியைக் கோன் ஸ்பீக்கர் பக்கம் வைத்தால் கிடைப்பது ஸ்பீக்கரின் கரகரப்பு மட்டுமே. பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, இரண்டிலிருந்து மூன்று மீட்டரில், நெஞ்சு உயர ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முகவீணை என்னும் ஊதுகுழலும் மத்தளமும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால் கருவியைப் பாடுபவர் பக்கம் ஓர் அடி நகர்த்துங்கள், இல்லையென்றால் முகவீணை சொல்லை விழுங்கிவிடும். பலகை மேடையின்மேல் ஸ்டாண்டை வைக்கவே கூடாது. சலங்கைக் காலின் ஒவ்வொரு மிதியும் ஸ்டாண்டு வழியாக ஏறி 'தொம் தொம்' என்று விழும். மண் தரையில் நிறுத்தி, காலுக்கடியில் மடித்த சாக்கு போடுங்கள்.

பிளாஸ்டிக் உடம்பு என்பதால் கையில் பிடித்துப் பதிவு செய்தால் விரல் அசைவெல்லாம் கேட்கும். பின்புறத்தில் ஸ்டாண்டு திருகுக்கான துளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். காற்றுக்கும் இது பலவீனம். ஆடி மாதத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கம் அடிக்கும் காற்றுக்கு ஸ்பாஞ்சு உறை நிற்காது. ரோமம் வைத்த உறை கட்டாயம் வாங்க வேண்டும். மெனுவில் உள்ள லோ கட் வடிகட்டி அடியிரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும். மைக்கை நேராக அறையும் காற்றை அதனால் தடுக்க முடியாது.

கார்டுக் கணக்கு எளிது. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதியும் 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரக் கூத்துக்கு 11 ஜிபி. 32 ஜிபி கார்டு தாராளம். 96 கிலோஹெர்ட்ஸ் வைப்பது கூத்துக்கு வீண், இடம்தான் இரட்டிப்பாகும். பேட்டரி விஷயத்தில் கவனம் வேண்டும். புது ஆல்கலைன் போட்டாலும் எட்டு மணி நேரம் என்பது விளிம்புதான். யுஎஸ்பி சி வழியே பவர் பேங்க் கொடுக்கலாம். ஆனால் கருவி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் "எதுவும் இணைக்கப்படவில்லை" என்று எண்ணித் தாமே அணைந்துவிடும். வீட்டிலேயே ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். உள்ளே நல்ல பேட்டரியும் இருக்கட்டும். பதிவு தொடங்கியதும் ஹோல்டு சுவிட்சைத் தள்ளிவிடுங்கள், கூட்டத்தில் யார் கை பட்டாலும் நிற்காது.

இனி, பதிவு செய்வதைவிடப் பெரிய வேலைக்கு வருவோம். பாட்டோடு அதன் பொருளையும் காப்பாற்றும் வேலை அது. கரீபியத் தீவான குவாதலூப்புக்கு 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். மாரியம்மன் அங்கே மாலியேமின் ஆனாள், மதுரை வீரன் மால்தேவிலின் ஆனான். நம் நாடகம் 'நாட்ரோன்' என்ற பெயரில் ஆடப்பட்டது. வீட்டில் தமிழ் நின்று கிரியோல் வந்த பிறகும் பாட்டு செவிவழியே இறங்கியது. ராகம் நின்றது, பொருள் உதிர்ந்தது. அதே கரீபியக் கடலோரத்தில் பெலீசு நாட்டின் பராங்கோ கிராமத்தில் 1960-ல் பிறந்த பாடகர் ஆண்டி பலாசியோ, 1980-ல் எழுத்தறிவுப் பணிக்காக நிக்கராகுவா சென்றபோது, தன் கரிஃபுனா மொழி அங்கே சில முதியவர்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கக் கண்டார். பிறகு தன் வாழ்நாளை அந்த மொழிப் பாட்டுக்கே கொடுத்தார். 2007-ல் யுனெஸ்கோ அவரை அமைதிக் கலைஞராக அறிவித்தது. முதிய பாடகர்களோடு சேர்ந்து பதிவு செய்ய, ஹாப்கின்ஸ் என்னும் கடலோரக் கிராமத்து ஓலைக் கூரையின்கீழ் கருவிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். கருவி ஊருக்குப் போக வேண்டும் என்பதுதான் சரியான வழி. பையில் போட்டுக்கொண்டு சித்தேரி மலைக்கு பஸ் ஏறலாம் என்பதால்தான் இந்தச் சின்னக் கருவியின்மேல் எங்களுக்கு இவ்வளவு மதிப்பு.

ஆகவே கூத்து முடிந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். மறுநாளோ, வாத்தியார் தூங்கி எழுந்த பிறகோ இன்னொரு பதிவு வேண்டும். முதலில் தேதி, ஊர், பாடியவர் பெயர், பதிவுக்கு அவர் சம்மதம் ஆகியவற்றை அவர் குரலிலேயே வாங்குங்கள். அடுத்து பாட்டை ராகமில்லாமல் வரிவரியாகப் பேசச் சொல்லுங்கள். அதன்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கப் பாட்டுகளில் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். எந்தச் சொல் எந்த மொழி என்று அவரையே சொல்ல வையுங்கள். கடைசியில், யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகும், போகட்டும். வெளியே சொல்லக் கூடாத சடங்கு வரிகள் இருந்தால், அவர் கை காட்டியவுடன் பதிவை நிறுத்திவிட வேண்டும்.

இந்தப் பேச்சுப் பதிவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு ஆகாது, எதிரொலி அடிக்கும். கேழ்வரகு மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் அதுதான் நல்ல ஸ்டூடியோ. ஃபேனை நிறுத்துங்கள். கருவி அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். காலர் மைக் மாட்டுவதானால் பிளக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது ஃபோனுக்கானது, இதில் சரியாக வேலை செய்யாது. இரண்டு வளையம் உள்ளதுதான் பொருந்தும். வெளி மைக் செருகியதும் உள் மைக்குகள் அணைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குரல்வழி வழிகாட்டல் இருந்தும் அதில் தமிழ் இல்லை. பெரிய மைக்செட்டிலிருந்து நேராக ஒயர் எடுக்க, எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முனைப் பெரிய பிளக்குக்கான துளை இல்லை. பழைய எச்1என் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. திரையின் அளவுகோலில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவை வைத்துக்கொண்டால் அதுவே நன்றாக உழைக்கும்.

பலரும் பதிவைக் கெடுப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். 32 பிட் ஃபைலைக் கணினியில் திறந்தால் ஒலிக்கோடு உச்சியில் வெட்டுப்பட்டதுபோலத் தெரியலாம். பயப்படாமல் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அளவைக் குறைத்தால் முழு வடிவமும் திரும்பி வரும். குறைக்காமலே எம்பி3 ஆக மாற்றினால் வெட்டு நிரந்தரம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேறு பிரதி எடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். பாடியவர் வீட்டுக்கும் ஒரு பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதோடு பாட்டு வரிகளை அச்சடித்த தாளும் இருக்கட்டும், பெரிய எழுத்தில்.