எடிட்ஸ்: ரீல்ஸ் ஆரம்பிக்க இது போதும்

முதன்முதலாக ரீல்ஸ் போடப் போகிறவர்கள் ரிங் லைட், கிம்பல் (ஆட்டமில்லாமல் படமெடுக்க உதவும் பிடி) என்று காசைக் கரைக்கும் முன் இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஏப்ரலில் வெளியிட்ட எடிட்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் செயலியை இறக்கிப் பாருங்கள். இலவசம்தான். வீடியோ மேல் செயலியின் முத்திரையான வாட்டர்மார்க்கும் விழாது, அதனால் அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் ஏற்றலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது வெட்டும் வசதி: வீடியோ துண்டுகள் வரிசையாகத் தெரியும் டைம்லைனைப் பெரிதாக்கி, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, பேசத் தொடங்கும் முன் இழுக்கும் அந்த "ம்ம்ம்" வரை நறுக்கிவிடலாம், முதல் சில நொடியிலேயே பிடித்து நிறுத்தாவிட்டால் பார்ப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் இல்லையா. உள்ளேயே கேமராவும் உண்டு, 10 நிமிடம் வரை எடுக்கலாம். இன்ஸ்டாகிராம் கணக்கு கட்டாயம் என்பதுதான் கொஞ்சம் உறுத்தல். அப்புறம், இரைச்சலோடு பதிவான குரலை எந்தச் செயலியும் முழுசாகச் சரிசெய்யாது. மிச்சமான காசில் ஒரு காலர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள்.