ராத்திரிக்கு மணிக்கட்டுப் பட்டை: தகட்டை நிமிர்த்தி மாட்டுங்கள்

மருந்துக்கடையில் ரிஸ்ட் ஸ்பிளின்ட் என்று கேட்டால் பெரும்பாலும் தருவது, அலுமினியத் தகடு செருகிய வெல்க்ரோ பட்டை. கார்பல் டனலால் (மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் கோளாறு) ராத்திரி விரல் மரத்துப்போய், எழுந்து கையை உதறுகிறவர்களுக்கு உருப்படியான சாமான்தான். ஆனால் பல பட்டைகளில் தகடு, மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் 20, 30 டிகிரி தூக்கும்படி வளைந்தே வருகிறது. அப்படியே மாட்டினால் நரம்பில் அழுத்தம் கூடும். தகட்டை உருவி, மேசை மேல் வைத்து அமுக்கி, ஏறக்குறைய நேராக்கிச் செருகுங்கள்.

மணிக்கட்டுச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். கட்டிய பிறகு அடியில் ஒரு விரல் நுழையணும். விரல்கள் தடையில்லாமல் மடங்கணும். 6 வாரமாவது இரவுதோறும் போட்டால்தான் பலன் தெரியும். கட்டைவிரல் அடியிலுள்ள சதை மேடு வற்றியிருந்தால் பட்டையை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். வெல்க்ரோவில் போர்வை நூல் சிக்கிக்கொண்டே இருக்கும், அதற்குப் பழைய பல் பிரஷ் போதும்.