அலங்காரப் பெட்டியா, பெயர் பொறித்த பெட்டியா?

பாறைக் கல்லறையில் உடல் சிதைந்தபின், எலும்புகளை எடுத்துச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் சேர்த்துவைக்கும் வழக்கம், யூதேய மன்னன் ஏரோதின் காலம் தொட்டு கி.பி. 70 வரை எருசலேம் யூதரிடையே பரவியிருந்தது. இப்பெட்டிகளைக் கற்கப் புகுவோர், செதுக்கு வேலையைப் பின்தொடர்வதா, எழுத்தைப் பின்தொடர்வதா என்று தயங்குவதுண்டு.

உழைப்பு: அலங்காரம், கவராயத்தால் வட்டமிட்டு ஆறிதழ்ப் பூக்களைக் குடைந்த கைதேர்ந்த கல்தச்சருடையது, எழுத்தோ பெரும்பாலும் கூர்முனையால் அவசரமாகக் கீறியது.

தகவல்: அலங்காரம் பட்டறையின் பாணியைக் காட்டும், எழுத்து பெயரையும் உறவையும், சில நேரம் தொழிலையும் சொல்லும். 1990இல் கிடைத்த, 'யோசேப்பு பர் கயபா' (கயபாவின் மகன் யோசேப்பு) என்ற பெயருள்ள பெட்டியின் முகப்பில் பூவேலை நிறைந்திருக்க, பெயர் மட்டும் அலங்காரமற்ற பக்கங்களில் கோணல்மாணலாகக் கீறப்பட்டிருக்கிறது. 1968இல் கிடைத்த, யோகனான் என்ற பெயர் பொறித்த பெட்டியில் சொல்லும்படியான அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் உள்ளிருந்த குதிகால் எலும்பில் இரும்பாணி ஏறியிருந்ததால், அது சிலுவையேற்றத்துக்கு அரிய சான்றாயிற்று.

நம்பகம்: பழைய வெற்றுப் பெட்டியில் புதிதாக எழுத்தைக் கீறிவிட முடியும் என்பதால், அகழாய்வில் எடுக்கப்படாமல் சந்தை வழியே வந்த எழுத்தை நான் எளிதில் ஏற்கமாட்டேன்.

கைவினையை ஆராய்வோருக்கு அலங்காரப் பெட்டியே பொருந்தும். குடும்பத்தையும், அரமேயம், எபிரேயம், கிரேக்கம் ஆகியவற்றின் புழக்கத்தையும் தேடுவோர் எழுத்துப் பெட்டியை நாடலாம், அது எந்தக் கல்லறையில் இருந்தது என்பது தெரிந்திருந்தால்.