காசு வாங்காத விமானிகள்: ஓர் ஆம்புலன்ஸ்காரரின் மதிப்பீடு (4/5)

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அமெரிக்காவில் இருக்கும் என் மாப்பிள்ளை, தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளை இலவசமாகக் கொண்டுபோய் விடும் தொண்டு அமைப்பு ஒன்றில் விமானி. கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய ஏஞ்சல் ஃப்ளைட் வெஸ்ட் மாதிரி அங்கே பல அமைப்புகள் உண்டு. மகள் வீட்டுக்குப் போனபோது கிட்ட இருந்து பார்த்ததை, தொழில்காரன் கண்ணோடு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, இது ஆம்புலன்ஸ் இல்லை. ஸ்ட்ரெச்சரும் கிடையாது, நர்சும் கிடையாது. நோயாளி தானே ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, பெல்ட் போட முடிய வேண்டும். மாப்பிள்ளையின் பைப்பர் என்கிற சின்ன விமானத்தில் ஒரே கதவு, வலது பக்கம். இறக்கைமேல் கால் வைத்துத்தான் உள்ளே போகணும். கீமோவுக்குப் போன ஓர் அம்மாவின் பையைத் தராசில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாவின் எடை, கூட வந்தவரின் எடை, இரண்டையும் கூச்சமில்லாமல் கேட்டார். எரிபொருள் எவ்வளவு போடலாம் என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறதாம்.

தனியார் விமானி லைசென்ஸுக்கு அங்கே 40 மணி நேரப் பறப்பே குறைந்தபட்சம். அமைப்புகள் அதைவிட எவ்வளவோ அதிக அனுபவம் கேட்கின்றன. மருத்துவத் தகுதி, இன்சூரன்ஸ், 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரோடு மறுபரிசோதனை எல்லாம் உண்டு. ஆள் ஏற்றுவதென்றால் கடைசி 90 நாளில் மூன்று முறையாவது மேலே ஏறி இறங்கியிருக்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எங்கள் ஸ்டாண்டில் லைசென்ஸைப் பார்ப்பார்கள், கடைசியாக வண்டி எடுத்தது எப்போது என்று யார் கேட்கிறார்கள்?

அங்கே தனியார் விமானி லைசென்ஸை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். பெட்ரோல் செலவும் மாப்பிள்ளையுடையதுதான். காசு கைமாறாததால் ஒரு வசதி: "மேகம் இறங்கிடுச்சு மாமா, போகலை" என்று கடைசி நிமிஷத்தில்கூடச் சொல்லலாம். மாற்று ஏற்பாடு வைத்திருங்கள் என்று நோயாளியிடம் முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். இங்கே வாடகை பேசியாச்சென்றால், கொட்டுகிற மழையிலும் முருங்கப்பாக்கம் நெரிசலில் புகுந்து ஜிப்மர் போய்த்தான் ஆகணும்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? 2007, 2008இல் இப்படிப்பட்ட பயணங்களில் விபத்துகள் நடந்தன. விமானியின் தகுதி நடப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பாருங்கள், ஏர்லைன் தரம் இதற்குக் கிடையாது என்று பயணியிடமும் சொல்லுங்கள் என அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் 2010இல் பரிந்துரைத்தது. எத்தனை காகிதம் இருந்தாலும் கடைசியில் அந்த ஒரு ஆளின் நாணயத்தை நம்பித்தான் ஏற வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில்தான் விமான நிலையம் இருக்கே, நம்ம ஊருக்கும் வருமா என்று ஸ்டாண்டு பசங்க கேட்டார்கள். சொந்த விமானம் வைத்திருக்கிறவர் வேண்டாமா, தம்பி! உங்கள் சொந்தக்காரர் யாராவது அமெரிக்காவில் வைத்தியத்துக்கு அலைந்தால், ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கரிடம் கேட்கச் சொல்லுங்கள். விமானத்தில் போகலாம் என்று டாக்டர் எழுதித் தர வேண்டியிருக்கும்.